ஐயாயிரத்தொன்றாவது விண்ணப்பம்

ஓர் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களை ஷேர்பாயிண்டில், அதாவது அலுவலகங்கள் ஆவணங்களையும் பட்டியல்களையும் பகிர்ந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளில், ஒரு பட்டியலாக வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், துறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஒப்புதல் கொடுத்தவர் யார், அவ்வளவுதான். மனிதவளப் பிரிவில் இருக்கும் ஒருவர் யாரையும் கேட்காமல் அரை மணி நேரத்தில் உருவாக்கியது. இரண்டு மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஒரு திங்கட்கிழமை காலை துறைவாரியாக வரிசைப்படுத்திப் பார்க்கப் போகிறார், பட்டியல் திறக்கவில்லை. ‘லிஸ்ட் வியூ த்ரெஷோல்ட்’, அதாவது பட்டியல் காட்சிக்கான 5,000 வரி வரம்பு, தாண்டிவிட்டதாக ஒரு செய்தி மட்டும் வருகிறது. உள்ளே இருப்பது ஐயாயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்கள்.

ஐயாயிரம் வரி கணினிக்கு ஒரு பொருட்டா? எக்செல் பத்து லட்சம் வரிகளைத் தாங்குகிறது. ஷேர்பாயிண்டிலேயே ஒரு பட்டியலில் 3 கோடி உருப்படிகள் வரை வைக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. வைக்கலாம், ஆனால் நினைத்தபடி பார்க்க முடியாது என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஷேர்பாயிண்டோடு வேலை பார்த்தவர்களிடம் ‘5,000’ என்று சொன்னாலே முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இந்த எண் யாரோ உத்தேசமாகப் போட்டதில்லை. ஷேர்பாயிண்டுக்கு அடியில் இருக்கும் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளிடமிருந்து வந்தது. அது தரவை வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் தரவுத்தளம். இப்படிப்பட்ட தரவுத்தளம் ஒரு வரிசையைத் தொடும்போது, நடுவில் இன்னொருவர் கைவைத்துவிடாதபடி அதன்மேல் ஒரு பூட்டைப் போடும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. ஒவ்வொரு துண்டையும் கணக்கு வைத்துக்கொள்ளக் கொஞ்சம் நினைவகம் வேண்டும். ஒரே கட்டளை ஒரே அட்டவணையில் சுமார் 5,000 துண்டு போட்டுவிட்டால், இனி சீட்டு சீட்டாகக் கணக்குப் பார்க்க முடியாது, மொத்த பஸ்ஸையும் இவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று எஸ்.க்யூ.எல். சர்வர் முடிவுசெய்கிறது. சின்னப் பூட்டுகள் எல்லாம் போய், முழு அட்டவணைக்கும் ஒரே பூட்டு விழுகிறது. மற்றவர்கள் படிக்கட்டில் நிற்க வேண்டியதுதான்.

அந்த அட்டவணையில் விடுப்பு விண்ணப்பங்கள் மட்டும் இருந்தால் இதில் பெரிய சேதமில்லை. காத்திருப்பது மனிதவளப் பிரிவு மட்டுமாக இருக்கும். ஆனால் அந்த அட்டவணையில் இருப்பது கிட்டத்தட்ட எல்லாமும்.

என்வார்சார்3 என்பது துறையா, சாம்பாரா?

ஷேர்பாயிண்டின் தரவுத்தளத்தைத் திறந்து ‘விடுப்பு’ என்றோர் அட்டவணையைத் தேடினால் கிடைக்காது. ‘ஆல்யூசர்டேட்டா’ என்று ஒன்று இருக்கும். விடுப்பு விண்ணப்பம், கேன்டீன் மெனு, வாடகை ஒப்பந்தங்கள், புராஜெக்ட் வேலைகள் என்று அந்தத் தரவுத்தளத்தில் யார் உருவாக்கிய பட்டியலாக இருந்தாலும் அதன் வரிகள் எல்லாம் அந்த ஒரே அட்டவணைக்குள்தான் வந்து விழும். ஷேர்பாயிண்ட் 2010-ல் அதன் நெடுவரிசைகளின் பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்: எழுத்துகளுக்கு என்வார்சார்1, என்வார்சார்2 என்று 64 வரை. எண்களுக்கு ஃப்ளோட்1 முதல் 12 வரை. தேதிகளுக்கு டேட்டைம்1 முதல் 8 வரை. விடுப்புப் பட்டியலில் என்வார்சார்3 என்பது துறையின் பெயராக இருக்கும். கேன்டீன் பட்டியலில் அதே என்வார்சார்3 செவ்வாய்க்கிழமை சாம்பாராக இருக்கும். எது எது என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது, ஷேர்பாயிண்டுக்கு மட்டுமே தெரியும்.

பட்டியலில் ஒன்பதாவது தேதியைச் சேர்த்தால்? எட்டுக்கு மேல் தேதி நெடுவரிசை கிடையாதே. அப்போது அந்த ஒரு விண்ணப்பமே இரண்டு வரிசைகளாகப் பிரிந்து உட்காரும். இப்படி ஆறு வரிசைகள் வரை போகலாம், எட்டு ஆறு நாற்பத்தெட்டு. ஒரு பட்டியலில் 48 தேதிகளுக்கு மேல் வைக்க முடியாது என்று ஆவணத்தில் போட்டிருந்ததன் ரகசியம் இந்தப் பெருக்கல்தான்.

இண்டெக்ஸ் விவகாரம் இன்னும் வேடிக்கை. துறைவாரியாக வேகமாகத் தேட என்வார்சார்3-க்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி) போடலாம் என்றால், அதில் பாதி துறையும் பாதி சாம்பாருமாக இருக்கிறது. அதனால் இண்டெக்ஸ் கேட்ட நெடுவரிசைகளின் மதிப்புகளை மட்டும் இன்னோர் அட்டவணையில் பெயர், மதிப்பு என்று ஜோடி ஜோடியாக நகலெடுத்து வைத்தார்கள். தரவுத்தளம் காலங்காலமாகச் செய்துவந்த வேலையை, அதன் தலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டு கையால் திரும்பச் செய்வது. கல்லூரியில் தரவுத்தள வடிவமைப்பு படித்தவர் எவரும் இதைத் தேர்வில் எழுதினால் பூஜ்யம்தான் வாங்குவார்.

ஆனாலும் எழுதியவர்களை நான் குறை சொல்லத் தயாரில்லை. பட்டியலுக்கு ஓர் அட்டவணை என்று முறையாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனிதவளப் பிரிவுக்காரர் ‘புதிய நெடுவரிசை’ பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் அமைப்பே மாறும். பகல் 11 மணிக்கு, நூறு பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது. அப்படி ஆயிரக்கணக்கான தளங்கள், ஒவ்வொன்றிலும் பத்திருபது பட்டியல்கள், அவற்றில் முக்கால்வாசி யாரோ ஒருமுறை உருவாக்கிவிட்டு மறந்துபோனவை. ரிலேஷனல் தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் மனதில் இருந்த உலகம் வேறு. வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டுவாடா, சரக்கிருப்பு. அங்கே வரிசைகள் நொடிக்கு நொடி வரும். அமைப்பு வருஷத்துக்கு ஒருமுறை, கூட்டம் போட்டுப் பேசி, தெரிந்தவர் கையால் மாறும். கூட்டாக வேலை செய்யும் மென்பொருளிலோ அமைப்பு டீ குடித்துவிட்டு வந்தால் மாறியிருக்கும், மாற்றுபவருக்குத் தரவுத்தளம் என்ற சொல்லே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ரிலேஷனல் மாதிரியை முன்வைத்து எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையின் முதல் வாக்கியமே, தரவு இயந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயனர் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வரக்கூடாது என்பதுதான். நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த மாதிரியின் மேல் கட்டிய ஒரு மென்பொருள், விடுப்புக் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு எஸ்.க்யூ.எல். சர்வரின் பூட்டுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது.

நோட்ஸ் போன வேறு வழி

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 1970-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் ‘நோட்ஸ்’ என்றொரு உரையாடல் வசதி இருந்தது. அங்கே படித்த ரே ஓஸி அதை மறக்கவில்லை. 1984-ல் ஐரிஸ் அசோசியேட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1989 டிசம்பரில் லோட்டஸ் நோட்ஸ் வெளிவந்தது. அதில் அட்டவணை கிடையாது. ஒவ்வொரு ஆவணமும் ஒரு பை. பைக்குள் பெயரும் மதிப்புமாகச் சில பொருட்கள். பக்கத்துப் பையில் வேறு பொருட்கள் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்பதாவது தேதி என்றால் பையில் இன்னொன்றைப் போட வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய துணிச்சல், தரவு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையே கைவிட்டது. விற்பனைப் பிரதிநிதி மடிக்கணினியில் ஒரு நகலோடு ஊர் ஊராகப் போவார். ராத்திரி விடுதி அறையில் மோடத்தைச் சொருகினால் இரண்டு பக்கத்து மாற்றங்களும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். ஒரே ஆவணத்தை இருவர் திருத்தியிருந்தால்? இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் மேல் ‘மோதல்’ என்று எழுதி, மனிதர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். தரவுத்தளக்காரர்களுக்கு இது அபச்சாரமாகப் பட்டது. அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கு, ஒரே கோப்பில் இருவர் வேறு வேறு குறிப்பு எழுதி அனுப்புவது தினசரி நடப்பு.

தரவுத்தளக்காரர்கள் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே 1989-ல், தரவுத்தள ஆராய்ச்சியின் முதன்மையான மாநாடான சிக்மாடில், க்ளாரன்ஸ் எல்லிஸும் சைமன் கிப்ஸும் ஒரு கட்டுரை படித்தார்கள். பலர் ஒரே நேரத்தில் ஒரே ஆவணத்தில் எழுதும் க்ரோவ் என்ற மென்பொருளைப் பற்றியது. பூட்டும் டிரான்சாக்‌ஷனும் இந்த வேலைக்கு ஒத்துவராது என்பது அதன் சாரம். யோசித்தால் நியாயம்தான். டிரான்சாக்‌ஷன் என்பது, பக்கத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் நீங்கள் மட்டுமே இருப்பதுபோல் காட்டும் ஏற்பாடு. கூட்டாக எழுதும் மென்பொருளுக்கு வேண்டியது நேர்மாறானது. பக்கத்து ஆள் எழுத எழுதத் தெரிய வேண்டும். அவர்கள் அன்று சொன்ன மாற்று உத்தியின் வாரிசுதான் இன்று கூகுள் டாக்ஸில் இருவர் தட்டச்சு செய்யும்போது எழுத்துகளை மோதவிடாமல் நகர்த்தி வைக்கிறது.

1995-ல் நோட்ஸை வெளியிட்ட லோட்டஸ் நிறுவனத்தை ஐ.பி.எம். 350 கோடி டாலருக்கு வாங்கியது. காட் வேலை பார்த்த, ரிலேஷனல் மாதிரி பிறந்த அதே ஐ.பி.எம். வீட்டில் டிபி2 என்ற ரிலேஷனல் தரவுத்தளம் சொந்தப் பிள்ளையாக இருக்க, தத்தெடுத்த பிள்ளை பைகளில் தரவை வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாள் இருப்பார்கள்? 2005-ல் வந்த, நோட்ஸின் சர்வர் மென்பொருளான டோமினோ 7-ல், நோட்ஸ் ஆவணங்களை டிபி2-வில் வைக்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பை பைதான். அதிலுள்ள புலங்களை எஸ்.க்யூ.எல். என்ற ரிலேஷனல் கேள்விமொழி வழியாகப் பார்க்க வேண்டுமென்றால், எந்தெந்தப் புலங்கள் என்று ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, அதற்கென்று ஒரு தனிக் காட்சியை வரையறுக்க வேண்டும். அமைப்பை முன்கூட்டியே சொல்ல வேண்டிய கட்டாயம் பின்வாசல் வழியாக வந்து நின்றது. அந்த வசதி நிலைக்கவில்லை. நோட்ஸ் இன்றும் தன் பழைய கோப்பு வடிவில்தான் இருக்கிறது. 2019-லிருந்து அது எச்.சி.எல். கையில், அதாவது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போன சிவ் நாடார் தொடங்கிய நிறுவனத்தின் கையில்.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வரும் இதேபோல்தான். சொந்த வீட்டில் எஸ்.க்யூ.எல். சர்வர் இருந்தும், 1996-லிருந்து அது தனக்கென்று உள்ள சேமிப்பு எஞ்சினையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாற்றலாமா என்று யோசித்துப் பார்த்துவிட்டும்கூட.

மூட்டைக்கு வெளியே

அப்படியென்றால் கூட்டு மென்பொருளுக்கு ரிலேஷனல் தரவுத்தளம் ஆகாது என்று முடிவுகட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் இன்றைய நிலைமை அப்படியில்லை. அலுவலக அரட்டைக்கான ஸ்லாக்கின் செய்திகள் மைஎஸ்க்யூஎல் என்ற ரிலேஷனல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. குறிப்புகளையும் பக்கங்களையும் கூட்டாக எழுத உதவும் நோஷன், போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு ரிலேஷனல் தரவுத்தளத்தின் மேல் நிற்கிறது. விக்கிப்பீடியா 2002-லிருந்து மைஎஸ்க்யூஎல்காரர், இப்போது அதன் கிளையான மரியாடிபி. இவர்கள் ஷேர்பாயிண்ட் விழுந்த குழியில் விழாமல் இருப்பதற்கு ஒரு காரணம், ஆவணத்தின் உள்ளடக்கம் என்ற மூட்டையை அவிழ்க்க முயலாததுதான்.

விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் வந்த 1.5 பதிப்பிலிருந்து பக்கம், திருத்தம், உரை என்று மூன்று அட்டவணைகள் அதன் முதுகெலும்பு. கட்டுரையின் உரையைப் பத்தி பத்தியாக, வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து அடுக்கவில்லை. ஒரு திருத்தத்தின் முழு உரையும் ஒரே மூட்டை, சுருக்கிக் கட்டப்பட்டு எங்கோ ஓரிடத்தில் கிடக்கும். உள்ளே இருப்பது சோழர் வரலாறா, கிரிக்கெட் புள்ளிவிவரமா என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்தத் திருத்தத்தை யார் செய்தார், எப்போது, இதற்கு முந்தைய திருத்தம் எது என்பவை. நீங்கள் எழுதி முடித்துச் சேமிக்கும்போது, எந்தத் திருத்தத்தின் மேல் எழுத ஆரம்பித்தீர்களோ அதுவே இன்னும் கடைசித் திருத்தமாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. இல்லையென்றால் இரண்டையும் இணைத்துப் பார்க்கும், முடியாவிட்டால் உங்களிடமே நீட்டும். நோட்ஸ் செய்ததைப் போலத்தான், ஆனால் கேள்வி கேட்கும் இடம் ஒன்றே ஒன்று.

மூட்டைக்கு வெளியே இருப்பவை மட்டும் நெடுவரிசையின் அளவுக்குக் கட்டுப்பட வேண்டும். பக்கத் தலைப்புக்கு 255 பைட் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது, அதிலும் உயிர்மெய்க்குப் பெரும்பாலும் இரண்டு குறியீடுகள். ‘தமிழ்நாடு’ என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறியீடு, 27 பைட். ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்து 10 பைட்தான். ஆக ஒரு தமிழ்த் தலைப்பு 85 குறியீடுகளோடு, நம் கணக்கில் ஏறக்குறைய ஐம்பது எழுத்துகளோடு நின்றுவிடும். நீளமான தலைப்பு வைக்கப் பார்த்து ஏன் ஏற்கவில்லை என்று குழம்பிய தமிழ் விக்கியர்கள் இருந்தால், காரணம் அந்த நெடுவரிசையின் அகலம்.

ஃபிக்மா இதை இன்னும் துலக்கமாகச் செய்தது. ஒரு வடிவமைப்புக் கோப்பில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பு ஒரு சர்வரின் நினைவகத்தில் இருக்கும். அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை அதன் படத்தை எடுத்துக் கோப்புக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். போஸ்ட்கிரெஸில் இருப்பது கோப்பு யாருடையது, எந்தக் குழுவில் இருக்கிறது, யார் பார்க்கலாம், யார் கருத்துப் போட்டார்கள் என்பவை.

‘யார் பார்க்கலாம்’ என்பதில்தான் ரிலேஷனல் தரவுத்தளத்தின் பிடி இருக்கிறது என்பது என் எண்ணம். கூட்டு வேலையில் ஆவணம் பாதி, ஆட்கள் பாதி. ஆட்கள் சேருவார்கள், விலகுவார்கள், குழு மாறுவார்கள். ஒருவர் மத்தியானம் 3 மணிக்கு வேலையை விட்டுப் போகிறார் என்றால் 3.01-க்கு அவர் எதையும் பார்க்கக் கூடாது. உறுப்பினர் அட்டவணையில் ஒரு வரிசையை நீக்கினால் அவர் எட்டியிருந்த பத்தாயிரம் ஆவணங்களும் அந்த நொடியில் மூடிக்கொள்ளும். இந்தக் குழுவில் இருப்பவர், அந்தக் கோப்புறைக்கு அனுமதி உள்ளவர், அதற்குள் இருக்கும் ஆவணம் என்று தொடர்புகளைக் கோத்துப் பதில் சொல்வது காட் சொன்ன மாதிரியின் தாய்மொழி. நோட்ஸிலும் ஆவண வாரியாக, யார் படிக்கலாம் என்ற பட்டியல் உண்டு. ஆனால் போனவரின் மடிக்கணினியில் நகல் இருக்கிறதே.

ஒரே வீடு என்ற நினைப்பு

மூட்டையை வெளியே வைத்தாலும் தொல்லை முழுதாகத் தீர்வதில்லை, இடம் மாறி வரும். நோஷனில் ஒரு பத்தி, ஒரு தலைப்பு, ஒரு செக்பாக்ஸ் என ஒவ்வொன்றும் தனித் தொகுதி, ஒவ்வொரு தொகுதியும் போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசை. போஸ்ட்கிரெஸ் ஒரு வரிசையைத் திருத்தும்போது பழையதை அழிப்பதில்லை, புதிய பிரதியைப் பக்கத்தில் எழுதிவிட்டு பழையதைக் குப்பையாக விட்டுவைக்கும். பின்னால் ஒரு துப்புரவு வேலை வந்து பெருக்கும். எழுதுவதும் அழிப்பதுமே தொழிலான மென்பொருளில் குப்பை எப்படிச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. துப்புரவு பின்தங்கினால் இன்னோர் ஆபத்து: போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் 32 பிட் எண் கொடுக்கிறது, பழையவற்றைப் பெருக்கித் தள்ளாமல் எண்கள் தீர்ந்துபோகும் நிலை வந்தால் தரவைக் காப்பாற்றத் தானே எழுதுவதை நிறுத்திவிடும்.

அந்த விளிம்பை நெருங்கிய நோஷன் 2021-ல் தரவை 32 இயந்திரங்களில் பிரித்துப் போட்டது. 32 இயந்திரங்கள், ஆனால் 480 பங்குகள், இயந்திரத்துக்குப் பதினைந்து. 512 என்று கணினிக்காரர்களுக்குப் பிடித்த எண்ணை விட்டுவிட்டு ஏன் 480? 32, 40, 48, 60, 80, 96 எதனாலும் மீதியில்லாமல் வகுபடும். நாளைக்கு இயந்திரங்களைக் கூட்டும்போது இரண்டு மடங்காகத்தான் கூட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2023-ல் 96 இயந்திரங்களுக்குப் போனபோது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பங்கு.

எதை வைத்துப் பிரிப்பது என்பதுதான் சூட்சுமம். நோஷன் பணியிடத்தை வைத்துப் பிரித்தது, ஒரு நிறுவனத்தின் பக்கங்கள் எல்லாம் ஒரே பங்கில் இருக்கும்படி. ஸ்லாக்கும் முதலில் அப்படித்தான் செய்திருந்தது. ஒரு நிறுவனம் ஒரு வீடு, வீட்டுக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பிறகு 2017-ல், இரண்டு நிறுவனங்கள் ஒரே சேனலில் பேசிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தார்கள். இப்போது அந்தச் சேனலின் செய்திகள் யார் வீட்டில் இருக்கும்? பெரிய நிறுவனங்கள் ஒரே பங்குக்குள் அடங்காமல் பிதுங்கியதும் சேர்ந்துகொள்ள, யூடியூபில் பிறந்த விடெஸ் என்ற மைஎஸ்க்யூஎல் பங்கீட்டு மென்பொருளுக்கு மாறி, செய்திகளைச் சேனல் வாரியாகப் பிரித்துப் போட ஆரம்பித்தார்கள். மூன்று வருஷம் பிடித்தது. மைஎஸ்க்யூஎல்லை மட்டும் விடவில்லை.

நம் விடுப்புப் பட்டியலுக்கு வருவோம். நிறுவனத்தின் சொந்த சர்வரில் ஷேர்பாயிண்டை ஓட்டுபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு நாளில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் 5,000 என்ற வரம்பைத் தளர்த்தி வைக்கலாம். ‘துறை’ என்ற நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போட வேண்டும், ஆனால் பட்டியல் வரம்பைத் தாண்டிவிட்டதால் பகலில் போட முடியாது. அதனால் நிர்வாகி ராத்திரி 10 மணிக்கு, பஸ் காலியான பிறகு, வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் பட்டியல் துறைவாரியாகத் திறக்கிறது. கேன்டீன் பட்டியலில் இப்போது 4,700 வரி.